கம்பம் பிடுங்கும் நாள் வரை

ஈரோடு பெரிய மாரியம்மன் கோவில் திருவிழா தேரோட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. பங்குனி மாதம் பூச்சாட்டி, கம்பம் நட்டு, நாள்தோறும் அந்தக் கம்பத்துக்குப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி வேப்பிலை சாத்தி, குண்டம், பொங்கல், தேர் என்று எல்லாம் நடந்த பிறகும் ஊர் இன்னொரு நாளுக்காகக் காத்திருக்கும். அது கம்பம் பிடுங்கும் நாள். பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் என்று மூன்று கோவில் கம்பங்களும் மணிக்கூண்டுப் பக்கம் ஒன்றுசேர்ந்து, உப்பும் மிளகும் வந்து விழ, நகரைச் சுற்றிப் போய்க் கருங்கல்பாளையத்தில் காவிரியில் விடப்படும். தெருவெங்கும் மஞ்சள் நீர். அப்புறம் மறுபூஜை. அதன்பிறகுதான் "நோம்பி முடிஞ்சுது" என்று ஊர் சொல்லும். கரூரிலும் இப்படியே. மாரியம்மன் கோவில் கம்பம் அமராவதிக்குப் போகும் நாளில்தான் ஊரே தெருவில் நிற்கும். நடுவது எவ்வளவு பெரிய விழாவோ, எடுப்பதும் அவ்வளவு பெரிய விழா. நடும் நாள் அச்சாகும் அதே நோட்டீஸில் எடுக்கும் நாளும் அச்சாகிவிடுகிறது. பொது இடத்தை ஊர் ஒரு காரியத்துக்காக எடுத்துக்கொள்கிறது என்றால், எப்போது திருப்பித் தரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறது.

நம் நகரங்களில் புதிதாக வளர்ந்திருக்கும் திறந்தவெளிக் கலைவிழாக்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் வந்து சேரவில்லை. பூங்காவிலோ குளக்கரை நடைபாதையிலோ விழா என்றால், நோட்டீஸில் விழா நாள்கள் மட்டும் இருக்கும். மூங்கிலும் இரும்புக் குழாயும் ஏற்றிய லாரி உள்ளே நுழையும் நாள் இருக்காது. பந்தல் பிரித்து, ஒயரைச் சுருட்டி, குழிகளை மூடி, புல்லுக்குத் தண்ணீர் விட்டு, வாசல் மறுபடி திறக்கும் நாள் எங்கேயும் இருக்காது. மூன்று நாள் விழா என்பது பூங்காவின் கணக்கில் பத்து நாளாகலாம், பதினைந்து நாளாகவும் ஆகலாம். அந்த மிச்ச நாள்களை யாரும் எழுதிவைப்பதில்லை, எழுதாததால் அவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. பூங்காவை விழாவுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்ற சண்டையை அடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். கொடுக்கும் நாள்களை முழுதாக அளந்து, அந்த அளவை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது முதல் காரியம். அப்படி அளந்து பார்த்தால் எந்த விழாவைப் புல்வெளியில் வைக்கலாம், எதைத் தார்ச்சாலையில் வைக்க வேண்டும் என்பதும் தானாகத் தெளிந்துவிடும்.

நாளை அளப்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் லண்டனில் 2025 மே மாதம் வந்த ஒரு தீர்ப்பைப் பார்க்கலாம். தென் லண்டனில் லாம்பெத் நகரசபையின் கீழ் இருக்கும் ப்ராக்வெல் பூங்காவில் கோடை வந்தால் வரிசையாக இசை விழாக்கள் நடக்கும். அதற்காகப் பூங்காவின் பெரும்பகுதியைச் சுற்றி உயரமான தடுப்புச் சுவர் எழும்பும். அங்குள்ள விதிப்படி, தனியாகத் திட்ட அனுமதி வாங்காமல் ஒரு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ள ஆண்டுக்கு 28 நாள்தான் சலுகை. சுவர் எழும்பும் நாளில் இருந்து அது இறங்கும் நாள் வரை எண்ணிப் பார்த்தால் 37 நாள் வருகிறது என்று அந்தப் பகுதிவாசிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அதை ஏற்று, நகரசபையின் முடிவு சட்டப்படி செல்லாது என்றது. ஆனாலும் அந்த ஆண்டு விழாக்கள் நின்றுபோகவில்லை, புதிய விண்ணப்பத்தோடு நடந்தன. விழா நாளை மட்டும் எண்ணியிருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது. அடைத்துவைத்த நாளையும் சேர்த்து எண்ணியதால்தான் பூங்காவில் நடக்கிறவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. எடின்பரோ உலகத்துக்கே கலைவிழா சொல்லித்தந்த நகரம். அங்கே 2019 இறுதியில் பிரின்சஸ் வீதித் தோட்டத்தில் தொடங்கிய கிறிஸ்துமஸ் சந்தை நடந்து முடிந்தபோது தோட்டத்தின் கிழக்குப் பகுதி சேறும் சகதியுமாகக் கிடந்தது. சந்தை போன பிறகும் வேலி போகவில்லை, புல் பதித்து வேர் பிடிக்கும் வரை அப்படியே நின்றது. அந்த நாள்களையும் விழாக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

புல்லுக்கு அப்படி என்ன நேர்ந்துவிடுகிறது என்று கேட்கலாம். நாலு நாள் மிதித்தால் ஐந்தாம் நாள் நிமிராதா? பந்தல் பிரித்த இடத்தில் குனிந்து பார்த்தால் விடை கிடைக்கும். தரைவிரிப்பு விரித்திருந்த இடம் அளந்து வெட்டியது போல ஒரு சதுரமாகத் தெரியும். சுற்றிலும் பச்சை, உள்ளே வெளிறிய மஞ்சள். சில நாள் வெயில் படாததால் வந்த நிறம் அது. பெரும்பாலும் திரும்பிவிடும். நாலு மூலையிலும் கடப்பாரை முளை அடித்த குழிகள் இருக்கும், அதையும் மண் போட்டு மூடிவிடலாம். திரும்பாதது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மண் என்பது பாதி மண், மீதி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் காற்றும் தண்ணீரும் நிற்கின்றன, வேர் இறங்குவதும் அதன் வழியாகத்தான். லாரிச் சக்கரமும் மேடையின் பாரமும் ஆயிரக்கணக்கான கால்களும் அந்த இடைவெளியை நசுக்கிவிட்டால் மண் செங்கல் போல இறுகிவிடும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். கொரியன் புல்லோ மெக்சிகன் புல்லோ, பணம் கொடுத்து வாங்கிவந்து பதித்த எந்தப் புல்லுக்கும் வேர் சில அங்குல ஆழம்தான். மரத்தைப் பற்றி நமக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு, அதன் வேர் பாதாளம் வரை போகிறது என்று. உணவு எடுக்கும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஒன்றரை இரண்டு அடிக்குள்தான் பரவியிருக்கின்றன. வேப்பமரத்து நிழலில் ஜெனரேட்டர் வண்டியை நிறுத்தினால் மரம் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து ஒரு பக்கக் கிளை காய்ந்து நிற்கும்போது, எந்த விழாவில் எந்த வண்டி நின்றது என்று யாருக்கு நினைவிருக்கும்?

இதில் ஈரம் பெரிய விஷயம். காய்ந்த மண் ஓரளவு பாரம் தாங்கும். நனைந்த மண் தாங்காது, கரிசல் என்றால் கேட்கவே வேண்டாம். நம் கோவையில் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை. கோயம்புத்தூர் விழா 2008ல் தொடங்கி, நீண்ட காலம் ஜனவரியில் நடந்தது. பொங்கலையொட்டிய நாள்கள், மழை விட்ட நேரம், பனிக்காற்று. 2024ல் அது நவம்பருக்கு மாறியது. விழாக்குழுவுக்கு அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், நகரின் நாள்காட்டி நெருக்கமானது. ஆனால் மண்ணின் கணக்குப்படி ஜனவரியில் போட்ட பந்தலும் நவம்பரில் போட்ட பந்தலும் ஒன்றல்ல. கடினத் தரையில் நடக்கும் நிகழ்ச்சிக்கு இந்த மாற்றம் பெரிய விஷயமில்லை, குடை இருந்தால் போதும். புல்வெளியில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் மாதத்தையும் அனுமதியின் ஒரு நிபந்தனையாக வைப்பதுதான் சரி.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதும் இல்லை. கொங்குச் சமவெளியின் தலைமாட்டில் இருக்கும் ஊட்டியில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இது நடக்கிறது. 1848ல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் 1896ல் இருந்து மலர்க்காட்சி நடந்து வருகிறது, 2025 மே மாதம் நடந்தது 127ஆவது. அங்கே பெரிய புல்வெளிக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று தடை போடுவது ஆண்டுதோறும் வரும் செய்தி. மலர்க்காட்சிக்கு முன் புல்லை வளர்க்க ஒரு தடை, கூட்டம் வந்து மிதித்துப்போன பிறகு புல்லைத் தேற்ற ஒரு தடை. இந்த மூடலில் கவனிக்க வேண்டியது இரண்டு. பூங்கா முழுவதும் மூடப்படுவதில்லை. புல்வெளியைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்கள் வேலை பார்ப்பார்கள், நடைபாதையும் கண்ணாடி மாளிகையும் மேட்டுப்பகுதியும் திறந்திருக்கும். அடுத்தது, மூடுவது புல்லுக்காக. கத்தரித்து, களை எடுத்து, மண்ணைக் குத்திவிட்டு, உரமும் மண்ணும் தூவி, திட்டுத் திட்டாகப் போன இடத்தில் புதுப் புல் பதித்து, தண்ணீர் காட்டும் வேலை நடக்கிறது என்று வாசலில் டிக்கெட் வாங்குகிறவருக்கும் தெரியும். தூரத்தில் இருந்து வந்து புல்லில் உட்கார முடியாமல் போகிறவர்களுக்கு வருத்தம்தான். இருந்தாலும் காரணம் கண்ணெதிரே நடப்பதால் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். நம் கேள்விக்கு ஊட்டி தரும் பாடம், ஒரு பகுதியை மட்டும் மூடலாம் என்பதும், விழாவுக்குப் பிந்தைய ஓய்வும் விழாவின் ஒரு பங்கு என்பதும்.

பெங்களூரு லால்பாக் வேறு வழி கண்டிருக்கிறது. 240 ஏக்கர் தோட்டம். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இரண்டு மலர்க்காட்சி. கூட்டம் லட்சக்கணக்கில் வரும். காட்சியின் மையம் 1889ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகைக்குள். கூரை இருக்கிறது, தரை இருக்கிறது, ஒவ்வொரு முறையும் புல்லைத் தோண்டி மேடை போட வேண்டியதில்லை. விழாவுக்கென்று ஓர் இடத்தைத் தோட்டத்துக்குள்ளேயே என்றைக்குமாக ஒதுக்கிவிட்டால், மிச்சத் தோட்டம் அதிகம் அலைக்கழியாமல் இருக்கும்.

கோவை தன் அளவில் ஒரு நல்ல வழியை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது, அதன் அருமை நமக்குச் சரியாகத் தெரியவில்லை என்றே தோன்றுகிறது. கோயம்புத்தூர் விழாவின் பகுதியாக நடக்கும் ஆர்ட் ஸ்ட்ரீட் பூங்காவுக்குள் நடப்பதில்லை. ரேஸ் கோர்ஸ் பக்கம் ஸ்கீம் ரோட்டில், வார இறுதியில், வண்டிகளை நிறுத்திவிட்டு நடக்கிறது. ஓவியர்கள் படங்களைச் சாலை ஓரம் சாய்த்து வைக்கிறார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வரைகிறார்கள். பானை வனைகிறவர் சக்கரத்தைச் சாலையிலேயே சுற்றுகிறார். பக்கத்தில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் ரேஸ் கோர்ஸ் நடைபாதை அதன் பாட்டுக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு கடைகளைச் சுருட்டினால் திங்கட்கிழமை காலை அதே சாலையில் பள்ளிப் பேருந்து போகும். தார்ச்சாலைக்கு ஓய்வு தேவையில்லை, கூட்டம் மிதித்ததால் அதற்கு எந்தக் கேடும் இல்லை. கொழும்பிலும் 1993ல் ஜார்ஜ் கீட் அறக்கட்டளை தொடங்கிய கலா பொல என்ற ஓவியச் சந்தை இதே முறையில்தான் வளர்ந்தது. விகாரமகாதேவி பூங்காவை ஒட்டிய மரநிழல் சாலையில் ஓவியர்கள் தங்கள் படங்களைத் தாங்களே விற்கிறார்கள். பூங்காவின் நிழலும் அழகும் சந்தைக்குக் கிடைக்கின்றன, பூங்காவோ திறந்திருக்கிறது.

சாலையை மூடினால் போக்குவரத்து என்ன ஆகும் என்ற எதிர்ப்பு உடனே வரும். நியாயமான எதிர்ப்புதான். அவிநாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் நாள்தோறும் தவிக்கிறவர்களிடம் போய் இன்னொரு சாலையை அடைக்கிறோம் என்றால் கோபம் வராதா? ஆனால் இதே நகரம் ஆண்டுதோறும் மாசி மாதம் கோனியம்மன் தேரோட்டத்துக்கு ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதி என்று நகரின் நெஞ்சுப்பகுதியையே மூடுகிறது. தங்கக் கடையும் ஜவுளிக் கடையும் வரிசையாக இருக்கும் தெருக்கள் அவை. எந்த வண்டி எந்த வழியாகப் போக வேண்டும் என்று முந்தின நாளே காவல் துறை அறிவிக்கிறது, பத்திரிகையில் வருகிறது, தேர் நிலை சேர்ந்ததும் தெருக்கள் திறக்கின்றன. சில மணி நேர அவஸ்தையை ஊர் பொறுத்துக்கொள்வதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், எப்போது மூடும் எப்போது திறக்கும் என்பது தெரிந்திருப்பது இன்னொரு காரணம். பேருந்து செல்லும் பிரதான சாலையைக் கலைவிழாவுக்கு அடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஸ்கீம் ரோடு போல, சுற்றிப் போக மாற்று வழி இருக்கும் தெருக்கள் ஆர்.எஸ்.புரத்தில் உண்டு, சாய்பாபா காலனியில் உண்டு. சாலையில் ஒரு மணி நேரம் தாமதமாகிறவர் கத்துவார், அவர் குரல் அதிகாரியின் காதில் விழும். பூங்காவில் இரண்டு வாரம் நடக்க இடமில்லாமல் போன முதியவர் பேசாமல் வீட்டில் இருந்துவிடுவார். எந்தக் குரல் பெரிதாகக் கேட்கிறதோ அதை வைத்து இழப்பை எடைபோடுவதால்தான் நம் தீர்மானங்கள் பூங்காவின் பக்கம் சாய்ந்து, சாலையைத் தப்பவிடுகின்றன.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது. கலையைக் குளிரூட்டிய சபாவில் இருந்து வெளியே கொண்டுவந்ததே பெரிய காரியம், அதைப் போய்ப் புல்லின் பெயரால் தடுக்கலாமா என்பது. இந்தக் கேள்வி கேட்கிறவர்களின் நெஞ்சில் இருப்பது நியாயமான ஆவேசம். 2007ல் சென்னை சங்கமம் தொடங்கியபோது பறையும் கரகமும் தெருக்கூத்தும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் வந்தன. வாழ்நாளில் ஒரு சபாவின் படி ஏறாதவர்கள் மாலை நேரத்தில் குழந்தையோடு வந்து நின்று பார்த்தார்கள். 2023ல் அது நம்ம ஊரு திருவிழாவாக மறுபடி வந்தபோதும் கே.கே.நகர் சிவன் பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா போன்ற இடங்களில் நடந்தது. இந்த விழாக்கள் நின்றுபோவதை யாரும் விரும்பக் கூடாது. அந்தக் கலைஞர்களுக்குக் கிடைக்கும் மேடையும் சம்பளமும் மரியாதையும் ஒரு புல்வெளியைவிடப் பெரியவை என்றே ஒப்புக்கொள்ளலாம். கேட்க வேண்டியது, அந்தக் கலைகளுக்குப் புல்வெளி தேவையா என்பது. கொங்கு நாட்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளி கும்மி வட்டம் போட்டு ஆடுவது. காலடி தாளத்தோடு தரையில் விழ வேண்டும், அந்தச் சத்தம் கேட்க வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தக் கலை வளர்ந்த இடம் கோவில் திடலும் களத்து மேடும். துடும்பு முழங்க, பெருஞ்சலங்கை கட்டி ஆடுகிறவர்களுக்கு இறுகிய மண் தரைதான் தோது, புல் சலங்கைச் சத்தத்தையே விழுங்கிவிடும். தேர்முட்டி, முச்சந்தி, கோவில் வாசல், சந்தைத் திடல் என்று ஏற்கெனவே மிதிபட்டுக் கெட்டிப்பட்ட தரைகளில்தான் இந்தக் கலைகள் பிறந்தன. கோவையில் வ.உ.சி. மைதானம் இருக்கிறது. சுதந்திர தின அணிவகுப்பே நடக்கும் தரை. கொடிசியா வளாகம் இருக்கிறது, 2010ல் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையே தாங்கிய இடம். ஒவ்வொரு பேட்டையிலும் தேர் நிற்கும் திடலோ பள்ளி மைதானமோ இருக்கிறது. மக்களிடம் கலையைக் கொண்டுபோக வேண்டும் என்றால் அவர்கள் கூடும் இந்த இடங்களுக்குக் கொண்டுபோகலாம். புல்வெளி விழாவுக்கு அழகான பின்னணி என்பது உண்மைதான். பின்னணிக்காக அதைப் பலிகொடுப்பதைத்தான் மறுக்கிறோம்.

ஆண்டில் சில நாள்தானே, மிச்ச 350 நாளும் உங்களுக்குத்தானே என்பார்கள். ஒரே ஒரு விழா என்றால் இதற்கு எதிர்வாதமே வேண்டாம். நடப்பது அப்படி இல்லை. ஓர் இடம் விழாவுக்கு வசதி என்று பெயர் வாங்கிவிட்டால் உணவுத் திருவிழா, புத்தகத் திருவிழா, நிறுவனக் கொண்டாட்டம், மாரத்தான் முடியும் இடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சில நாள்தான் கேட்கும். கூட்டிப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. ப்ராக்வெல்லில் பகுதிவாசிகள் செய்தது அந்தக் கூட்டல்தான். இங்கே அந்தக் கூட்டலை யார் செய்வது, கூட்டத்தை யார் எண்ணுவது என்று கைவிரிப்பதற்கு இனி இடமில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. ஒரு மாவட்டத்துக்கு வரும் வண்டிகளை எண்ண முடிகிற காலத்தில், ஒரு பூங்கா ஆண்டுக்கு எத்தனை நாள் அடைபட்டிருந்தது என்று எண்ண ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

யாருடைய நாள்கள் இவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 257 சதுர கிலோமீட்டர், 100 வார்டுகள் கொண்டது கோவை மாநகராட்சி. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைப் பொதுப் பயனுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. கோவைக்காரர்கள் ரிசர்வ் சைட் என்பார்கள். மனை வாங்கிய ஒவ்வொருவரும் தன் மனையின் விலையில் அந்தப் பத்துப் பங்குக்கும் சேர்த்தே காசு கொடுத்திருக்கிறார். பூங்கா அரசு போட்ட பிச்சையில்லை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம் 1959லேயே வந்துவிட்டது, பூங்காவாக இருப்பதை முன் அனுமதி இல்லாமல் வேறு பயனுக்கு எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மருத்துவமனையும் நல்ல காரியம்தான், ஆனாலும் பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும் என்பதே பி.எஸ். முத்தப்பா வழக்கின் தீர்ப்பு. தற்காலிக மூடல் அந்த அளவு கொடியது இல்லை. என்றாலும் அதே உரிமையின் சிறிய வடிவம் இங்கேயும் இருக்கிறது. சர்க்கரைக்காக நடக்கச் சொன்ன மருத்துவரின் சீட்டில் விழா விடுமுறை கிடையாது. ஒண்டுக்குடித்தன வீட்டுப் பிள்ளைக்கு ஓட வேறு முற்றம் கிடையாது. நண்பகலில் நிழல் தேடி வரும் கூலித் தொழிலாளிக்கும், வெளியூரில் இருந்து மருத்துவமனைக்கு வந்து காத்திருக்கிறவருக்கும் பூங்காவின் சிமெண்ட் பெஞ்சுதான் வரவேற்பறை. இவர்களில் எவரும் சங்கம் வைத்துக் கோரிக்கை மனு கொடுக்கப்போவதில்லை. விழா நாளில் இவர்களும் ரசிகர்களாக வரலாம், வரட்டும். வாசலில் "பூங்கா மூடப்பட்டுள்ளது" என்று தேதி போடாத அட்டை தொங்கும் நாள்களில் இவர்கள் திரும்பிப் போகிறார்கள்.

விழாவுக்கு வாடகை வருகிறதே, அதில் பூங்காவைப் பராமரிக்கலாமே என்பது கடைசி வாதம். பராமரிக்கலாம்தான், அந்தப் பணம் அந்தப் பூங்காவுக்கே வந்தால். மாநகராட்சியின் பொதுக் கணக்கில் போய்ச் சேரும் வாடகை, புல்வெளிக்கு எந்த ஆண்டு எந்த வழியில் திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழா நடத்துகிறவரிடம் முன்பணம் வாங்கி, தோட்டக்காரர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகு அதைத் திருப்பித் தருவது எளிய வழி. மண்ணைப் பார்க்கத் தெரிந்த கண் தோட்டக்காரருடையதுதான். திருவிழாவில் கம்பத்தை எடுக்கும் நேரத்தைப் பூசாரி சொல்வது போல, பந்தல் எப்போது எழும்பலாம், எந்த மரத்தடியில் வண்டி நிற்கக் கூடாது, வாசல் எப்போது திறக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம் இருக்கிறது. காந்திபுரத்தில் மத்திய சிறை நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா 2025 நவம்பர் 25 அன்று திறந்துவைக்கப்பட்டது. 208 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2010 மாநாட்டில் பேச்சாக எழுந்தது பதினைந்து ஆண்டு கழித்து மண்ணில் வந்திருக்கிறது. வ.உ.சி. செக்கிழுத்த சிறையின் நிலம், நகரின் நடுவே, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். இதைவிட விழாவுக்குத் தோதான இடம் கோவையில் வேறு எது? பெரிய விழாக்களின் கண் அதன்மேல் விழத்தான் போகிறது. அங்கே மரங்கள் இளசு, புல் புதுசு, வேர் இன்னும் ஆழம் பிடிக்காத நிலை. இந்த நிலையில் இறுகும் மண் பிறகு லேசில் இளகாது. பழைய பூங்காக்களில் பழக்கமாகிப்போனதை மாற்றுவது கடினம். புதுப் பூங்காவில் முதல் விதியை இப்போதே எழுதிவிடலாம். மேடை போட அனுமதியுள்ள கடினத் தரை இது, எந்தக் காரணத்துக்கும் அடைக்கக் கூடாத நடைபாதை இது, மழை மாதங்களில் புல்வெளிக்குள் பந்தல் கிடையாது, ஆண்டுக்கு மொத்தம் இத்தனை நாளுக்கு மேல் அடைப்பு கிடையாது என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும் விதிகள்தான் அவை.

மாநகராட்சிக்கும் விழாக்குழுக்களுக்கும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த விழாவுக்கு அனுமதி எழுதும் தாளில் மூன்று தேதிகள் இருக்கட்டும்: லாரி உள்ளே வரும் நாள், விழா நாள், கடைசிக் குழியும் மூடி வாசல் திறக்கும் நாள். விழா நோட்டீஸில் அந்த மூன்றையும் அச்சடியுங்கள். பூங்கா வாசலில் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், பெரிய எழுத்தில், பதினைந்து நாள் முன்னதாக ஒட்டிவையுங்கள்.